கூட்டப்புளி முதல் திருச்செந்தூர் வரை: கடற்கரையில் கட்டுச்சோறு சாப்பிட இடம் பார்ப்பது எப்படி?

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் குடும்பத்தோடு உவரிக்குப் போனோம். கடல் நீலமும் பச்சையுமாக மின்னியது. மணல் பரந்து கிடந்தது. ஆளே இல்லை. இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று நட்டநடு மணலில் ஜமுக்காளத்தை விரித்தோம். புளியோதரைத் தூக்குவாளியைத் திறந்த அரை நிமிடத்தில், எள்ளுப்பொடி தூவியது போலச் சோற்றின் மேல் மணல். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்கு நம்ம வீட்டு மொட்டைமாடியே போதுமேய்யா" என்றார். பதினைந்து பேருக்குக் கட்டிய சோற்றில் முக்கால்வாசி காக்கைக்குப் போனது. வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாழைப்பழம் தின்று திரும்பினோம்.

அங்கே ஏன் ஆளே இல்லை என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். அதன் பிறகு இதே கரையில் பல தடவை போய் உட்கார்ந்து எழுந்ததில் ஒன்று புரிந்தது: கண்ணுக்கு அழகான இடம் வேறு, உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் வேறு. இரண்டும் நூறு இருநூறு அடிக்குள் இருந்தால் அதுதான் நல்ல இடம். அதைத் தேடுகிற வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். கூட்டப்புளியில் தொடங்கி உவரி, மணப்பாடு, குலசை என்கிற குலசேகரன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் கரை. இதில் பாதி இப்போது தூத்துக்குடி மாவட்டம். 1986-இல் அது பிரியும்வரை எல்லாமே திருநெல்வேலிதான். எங்கள் வீட்டில் இன்னமும் அப்படித்தான் பேச்சு.

படி 1: காற்றைப் பார்த்து மாதத்தை முடிவு செய்யுங்கள்

இடத்தைவிட மாதம் முக்கியம். ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை மீனவ ஊர்களில் கச்சான் என்பார்கள். மலைத்தொடர் ஆரல்வாய்மொழியில் விட்ட இடைவெளி வழியாக அது புகுந்து வருவதால்தான் முப்பந்தல், காவல்கிணறு, பணகுடிப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. திசையன்விளைப் பக்கமும் குதிரைமொழிப் பக்கமும் கிடக்கிற செம்மணல் தேரிகள் இந்தக் காற்று காலங்காலமாக வாரிக் குவித்தவை. குன்றையே குவிக்கிற காற்றுக்கு உங்கள் தூக்குவாளி எம்மாத்திரம்!

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவமழை. கடல் கலங்கிக் கிடக்கும், அலையும் முரடு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மழை எச்சரிக்கை இருந்தால் பேசாமல் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

தை பாதியிலிருந்து பங்குனி வரைதான் நல்ல காலம். வெயில் இன்னும் ஏறியிருக்காது, மழை ஓய்ந்திருக்கும், காற்றும் அளவாக இருக்கும். சித்திரை, வைகாசியில் பள்ளி விடுமுறை. வேறு வழியில்லை என்று எல்லோரும் கிளம்புகிற காலம். அப்போது நுங்கும் பதநீரும் கிடைக்கும் என்ற ஒரு லாபம் உண்டு. ஆனால் காலை ஒன்பதுக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. நம் கரையில் கார்னெட், இல்மனைட் என்ற கனிமங்கள் கலந்த கருஞ்சிவப்பு மணல் பல இடங்களில் படிந்திருக்கிறது. கறுப்பு மணல் வெள்ளை மணலைவிடச் சீக்கிரம் கொதிக்கும். வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகள் முதலில் அலறுவது இந்தப் பட்டைகளில்தான்.

ஆடியில்தான் போயாக வேண்டும் என்றால் விடிகாலையில் போய் எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். பொழுது ஏற ஏறக் காற்றும் ஏறும்.

படி 2: கிழமையும் திருவிழாவும்

ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்க மீனவ ஊர்களில் பெரும்பாலும் கடலுக்குப் போக மாட்டார்கள். படகெல்லாம் கரையில் ஏறியிருக்கும், ஊரே கரையில் இருக்கும். அவர்கள் ஓய்வெடுக்கிற முற்றத்தில் போய் நாம் விரிப்புப் போடுவது நன்றாகவா இருக்கும்? அன்றைக்குப் பச்சை மீனும் கிடைக்காது. செவ்வாய்க்கிழமை உவரி அந்தோணியார் கோயிலில் கூட்டம். செப்டம்பர் 14 மணப்பாடு திருச்சிலுவைத் திருவிழா. நவராத்திரி பத்து நாளும் குலசைத் தசரா; வேடம் கட்டியவர்களும் வேன்களுமாகச் சாலையே நகராது. தைப்பூசம், வைகாசி விசாகம், கந்தசஷ்டி நாட்களில் திருச்செந்தூர்ச் சாலைப் பக்கமே போகாதீர்கள், கோயிலுக்கென்றால் ஒழிய.

என் கணக்கில் சனிக்கிழமை காலைதான் சரி.

படி 3: விடியலா, மாலையா?

நம் கரை தென்கிழக்கைப் பார்த்தது. ஆகவே வருடம் முழுக்கச் சூரியன் கடலில் உதிக்கும், பனங்காட்டுக்குப் பின்னால் மறையும். கடலில் சூரியன் விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் கன்னியாகுமரிக்குத்தான் போக வேண்டும். இது தெரியாமல் மாலையில் வந்து, கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, வெளிச்சம் முதுகுப் பக்கமாகப் போய்விட்டதே என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. மாலையிலும் ஓர் அழகு இருக்கிறது: நாலரைக்கு மேல் கரை குளிர்ந்துவிடும், பனைகளின் கருநிழலுக்குப் பின்னால் வானம் செம்மையாகும். ஆனால் சாப்பாட்டோடு போகிறவர்களுக்கு விடியலே நல்லது. தையில் ஆறரைக்குக் கொஞ்சம் பிந்தி உதிக்கும், வைகாசியில் ஆறு மணிக்கே உதித்துவிடும். பாளையங்கோட்டையிலிருந்து உவரிக்கோ திருச்செந்தூருக்கோ ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

படி 4: எந்தப் பகுதி?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கூந்தன்குளம் என்பது மூலைக்கரைப்பட்டிப் பக்கம் உள்ள பறவைகள் சரணாலயம். அங்கே கடல் கிடையாது. கூத்தங்குழி கடற்கரை ஊர். கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கும் ஊர். கைப்பேசியின் வழிகாட்டியில் அவசரமாகப் பெயரைத் தட்டிவிட்டு, கடல் பார்க்க வந்தவர்கள் நாரை பார்த்துத் திரும்பிய கதை எனக்குத் தெரியும்.

தெற்கிலிருந்து வருவோம். கூட்டப்புளி திருநெல்வேலி மாவட்டத்தின் கடைசிக் கடற்கரை ஊர். இந்த மூலையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலைத்தொடரின் தென்கோடி. இரண்டையும் ஒருசேரப் பார்ப்பது கரையின் மற்ற பகுதிகளில் கிடைக்காத காட்சி. காற்றும் இங்கேதான் அதிகம். ஆகவே தை, மாசி தவிர மற்ற மாதங்களில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கொஞ்சம் தள்ளிக் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் வட்டக்கோட்டை. 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் கட்டிய கடலோரக் கோட்டை. ஏறிப் பார்க்க அருமை. ஆனால் தொல்லியல் துறையின் இடம், உள்ளே இலை போட்டுச் சாப்பிட நினைக்காதீர்கள்.

அங்கிருந்து வடகிழக்கே கூடங்குளம் உலைகளின் குவிமாடங்கள் கரையிலிருந்தே தெரியும். அந்த வளாகத்தை ஒட்டி வண்டியை நிறுத்துவது, டிரோன் பறக்கவிடுவது, ஜூம் போட்டுப் படம் எடுப்பது எதுவும் வேண்டாம். அருகே இடிந்தகரை, 2011 முதல் அணு உலை எதிர்ப்புப் போராட்டம் நடந்த லூர்து மாதா கோயில் அங்கேதான். கோயிலைப் பார்த்து வரலாம். இந்த ஊர்களில் கடற்கரை என்பது வேலைத்தலம்: படகு, வலை, கருவாடு. பிக்னிக்குக்கு ஏற்ற வெற்றிடம் குறைவு.

உவரிக்கு வாருங்கள். ஆடியில் என்னை விரட்டியதும் உவரி, மாசியில் நான் முதலில் பரிந்துரைப்பதும் உவரி. கடலோரத்தில் சுயம்புலிங்கசாமி கோயில். கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் சுமந்து கரையில் கொட்டுகிற நேர்த்திக்கடன் அங்கே வழக்கம். கொஞ்சம் தள்ளி அந்தோணியார் கோயில். அப்புறம் கப்பல் மாதா கோயில்: கப்பல் வடிவக் கட்டடம், உச்சியில் ஆகாய விமானம். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் அடுத்த ஒரு மணி நேரம் கேள்விதான். கோயில்கள் இருப்பதால் கழிப்பறை, தண்ணீர், கடை, பஸ் எல்லாம் உண்டு. வயதானவர்களும் கைக்குழந்தையும் கூட வந்தால் காட்சியைவிட இதுதான் முக்கியம். கோயில்களுக்கு நேர் எதிரே உட்காராமல், கரையோரமாகக் கொஞ்சம் நடந்து சென்று இடம் பாருங்கள்.

உவரிக்கும் பெரியதாழைக்கும் நடுவே உள்ள கரை நீளமானது, ஆளற்றது, படத்தில் பிரமாதமாக விழும். தனியாக நடக்கிறவர்களுக்கு ஏற்றது. குடும்பத்தோடு போனால், நிழலும் உதவியும் தொலைவில் என்பதை நினைவில் வையுங்கள்.

மணப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். தட்டையான இந்தக் கரையில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற மேடு இது. மேட்டின் மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், பக்கத்தில் கலங்கரை விளக்கம். கடல் பக்கமாக இறங்கினால் ஒரு குகை. 1542-இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியிருந்தது என்று சொல்கிறார்கள். மேட்டில் நின்றால் ஒரு பக்கம் அலை உடைகிற கடல், மறுபக்கம் வளைந்த மணற்கரையும் ஊரும். கருமேனியாறு கடலைச் சேருமிடமும் இங்கேதான். கச்சான் அடிக்கும்போது மேட்டின் வடகிழக்குப் பக்கம் மறைவாக இருக்கும். ஆடியில் இந்தக் கரையில் நான் நம்பி உட்காருகிற ஒரே இடம் அதுதான்.

மணப்பாட்டில் எல்லோரும் செய்கிற தப்பு, கோயில் மேட்டிலேயே பொட்டலத்தைப் பிரிப்பது. அது வழிபாட்டு இடம். காற்றும் அங்கேதான் மோதும். மேட்டில் கண்ணால் சாப்பிடுங்கள், கீழே வந்து கையால் சாப்பிடுங்கள். ஊருக்குள் பெண்கள் பனையோலையில் பெட்டியும் தட்டும் பின்னுகிறார்கள். ஒன்று வாங்கிக்கொண்டால் அடுத்த தடவை முறுக்கு எடுத்துப்போக உதவும்.

குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் கடலுக்கு அருகில்தான், தசரா தவிர்த்த நாட்களில் அமைதி. இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று இங்கே அடிக்கல் நாட்டினார்கள். வேலி போட்ட பகுதி, காவல் உள்ள பகுதி என்று கண்டால் திரும்பிவிடுங்கள்.

திருச்செந்தூர்? கோயிலுக்குப் போங்கள், நாழிக்கிணற்றில் குளியுங்கள். கட்டுச்சோற்றுக்கு வேண்டாம். கூட்டம் ஒரு பக்கம். சமீப வருடங்களில் கடல் அரித்துக் கோயில் முன்னால் மணலும் குறைந்துவிட்டது.

கடைசியாக, கடற்கரையே அல்லாத ஓர் இடம். திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழிப் பக்கம், தேரிக்காட்டுக்குள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். சுற்றிலும் செக்கச்சிவந்த மணல் குன்று. நடுவில் சுனையும் மர நிழலும். காலையில் கடல், உச்சிவெயிலில் இங்கே. பங்குனி உத்திரத்தன்று மட்டும் வேண்டாம். குலதெய்வ வழிபாட்டுக்கு ஆயிரக்கணக்கில் வருவார்கள்.

படி 5: இறங்கியதும் பத்து நிமிடம் வெறுங்கையோடு நடங்கள்

வண்டியிலிருந்து சாமானை இறக்குவதற்கு முன் ஒருவரோ இருவரோ போய்ப் பார்த்து வர வேண்டும். சாமானை இறக்கிவிட்டால் அப்புறம் எந்த இடமும் நல்ல இடமாகத்தான் தோன்றும்.

முதலில் சிப்பியும் பாசியும் குச்சியும் கோடு போட்டது போல ஒதுங்கியிருக்கும் இடத்தைப் பாருங்கள். கடைசியாக ஏறிய அலை அதுவரை வந்திருக்கிறது. இங்கே கடல் ஏறி இறங்குகிற வித்தியாசம் பொதுவாக ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கூடும். கோட்டுக்கு மேலே பத்துப் பதினைந்து அடியாவது தள்ளி உட்காருங்கள். இன்னும் எளிய அடையாளம் அடம்பங்கொடி. ஆட்டுக்குளம்பு போன்ற இலையும் ஊதாப் பூவுமாக மணலில் படர்ந்திருக்கும். அது தழைத்திருக்கும் இடத்துக்கு அலை வழக்கமாக வராது. கொடியின் மேலேயே விரிக்காமல் ஓரமாக உட்காருங்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். பக்கத்தில் பந்து போல முள்ளாக நீட்டிக்கொண்டு இராவணன் மீசை என்ற புல் இருந்தால் பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். காலில் ஏறினால் அன்றைய பிக்னிக் முடிந்தது.

அடுத்து காற்று. ஒரு கைப்பிடி உலர்மணலை இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள். நேராக விழுந்தால் எங்கேயும் உட்காரலாம். ஓரடி தள்ளி விழுந்தால் ஒரு மறைவு தேடுங்கள். கீழே விழாமல் பறந்தே போனால் சாப்பாடு வண்டியில்தான், ஆசைப்படாதீர்கள். மணல்மேட்டின் காற்றுப்படாத பக்கம், சவுக்குத் தோப்பின் ஓரம், இரண்டுமே நல்ல மறைவு.

மூன்றாவது, யாருடைய இடம் என்று பார்ப்பது. மணலில் படகு இழுத்த தடம், கயிறு, பரப்பிய வலை, கருவாடு காயும் இடம் இருந்தால் அங்கிருந்து விலகிவிடுங்கள். காலி இடம் போலத் தெரிவது இன்னும் ஒரு மணி நேரத்தில் படகு ஏறும் வழியாக இருக்கலாம். வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் யாரையாவது கேட்பதே மேல். "அண்ணாச்சி, பிள்ளைகளோட வந்திருக்கோம், எங்க உட்காரலாம்?" என்று நான் கேட்ட இடங்களிலெல்லாம் கையை நீட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஒரு முறை ஒருவர், "அங்க இரிங்க, ஆனா தூண்டில் வளைவுப் பக்கம் மட்டும் பிள்ளைகள விட்றாதீங்க" என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். அரிப்பைத் தடுக்கக் கடலோரம் கல் கொட்டிப் போட்டிருப்பதுதான் தூண்டில் வளைவு.

படி 6: நிழல்

பனைமர நிழலை நம்பிப் பயனில்லை, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதன் பின்னால் நகர வேண்டும். தென்னை நிழலில் தலைக்கு மேல் காய் பார்க்க வேண்டும். உடைமரம் குடை போல விரிந்து நல்ல நிழல் தரும். ஆனால் தரையெல்லாம் முள், பெருக்காமல் உட்காராதீர்கள். ஆக, தார்ப்பாய் ஒன்று கொண்டுபோவதே வழி. மணலில் முளை அடித்தால் நிற்காது. நான்கு பழைய சிமெண்ட் சாக்கில் பாதி மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, இரண்டடிக் குழியில் புதைத்து மூடுங்கள், அசையாது. தார்ப்பாயின் தாழ்ந்த ஓரம் காற்று வரும் பக்கம் இருக்கட்டும். நான்கு பக்கமும் உயர்த்திக் கட்டினால் பாய்மரமாகிவிடும்.

படி 7: குளிக்கலாமா?

பெரும்பாலும் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள் என்பதே என் பதில். தூண்டில் வளைவுகளை ஒட்டி நீரோட்டம் சுழித்து இழுக்கும், பாறையும் வழுக்கும். திறந்த கரையில், இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல் அமைதியாகத் தெரிந்தால், புதிதாக வருகிறவர் அதுதான் பத்திரமான இடம் என்று இறங்குவார். கரைக்கு வந்த நீர் திரும்பிப் போகிற வாய்க்கால் அது, ஆளை உள்ளே இழுத்துப்போகும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும்.

இன்னொன்று கள்ளக்கடல். உள்ளூரில் காற்றும் மழையும் இல்லாத நேரத்தில், தொலைதூரப் பெருங்கடலில் எழுந்த பேரலை திடீரென்று கரையேறுவது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது இத்தகைய எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான். கிளம்புவதற்கு முந்தைய இரவு, ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் நம் கரைக்கு அலை எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று செய்தியில் பாருங்கள். கடலோரக் காவல் உதவி எண் 1093, ஆம்புலன்ஸ் 108. சொறிமீன் (ஜெல்லி மீன்) ஒதுங்கிக் கிடந்தால், செத்தது போல இருந்தாலும் பிள்ளைகள் தொடக் கூடாது.

படி 8: என்ன கட்டுவது?

குழம்பு, ரசம் வேண்டாம். திறந்து வைத்துப் பரிமாறுகிற எதுவும் வேண்டாம். ஆளுக்கொரு பொட்டலம், வாட்டிய வாழையிலையில் கட்டியது. புளியோதரை, காணத்துவையல் (கொள்ளுத் துவையல்), மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, பத்து மணிக்குள் முடிக்கிற தயிர்ச்சோறு, நார்த்தங்காய் ஊறுகாய். பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்துச் சாப்பிட்டால் மணல் விழாது. குடிதண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். கை கால் கழுவத் தனியாக ஒரு கேன். இனிப்புக்கு, சாத்தான்குளம் வழியாக வருகிறவர்கள் முதலூரில் தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டிய மஸ்கோத் அல்வா வாங்கலாம். உடன்குடியில் கருப்பட்டி, புவிசார் குறியீடு பெற்ற சரக்கு, வீட்டுக்கும் ஆகும்.

பிளாஸ்டிக் தட்டு, டம்ளருக்கு 2019 ஜனவரி முதலே மாநிலத்தில் தடை. இலையை மணலில் புதைப்பதும் சரியில்லை. நாய் கிளறிப் போட்டுவிடும். ஒரு சாக்கில் அள்ளி வண்டியில் ஏற்றுங்கள். தை முதல் சித்திரை வரை ஆமைகள் கரையேறி முட்டையிடுகிற காலம். கம்பு நட்டு வலை அடைத்த இடம் தெரிந்தால் கிட்டே போக வேண்டாம்.

நான் போகிற ஒரு நாள்

மாசி மாதத்துச் சனிக்கிழமை. நாலேகாலுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி, சாத்தான்குளம், உடன்குடி வழியாக ஆறேகாலுக்கு மணப்பாடு. மேட்டில் நின்று உதயம். ஏழரைக்குக் கீழே இறங்கி இட்லி. ஒன்பதுவரை பிள்ளைகள் மணலில். வெயில் ஏறுவதற்குள் குலசை வழியாகக் காயாமொழி. அய்யனார் கோயில் மரத்தடியில் பதினொன்றரைக்குப் புளியோதரை, பெரியவர்களுக்கு ஒரு தூக்கம். மூன்று மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு. வந்த அன்றே தார்ப்பாயை நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டுவிடுங்கள். உப்புத்தண்ணீர் பட்ட இரும்பு வளையம் அடுத்த மாசிக்குள் துருவேறிக் கையோடு வந்துவிடும்.